நாள் முழுக்கக் கை கழுவியும் குழந்தைக்கு ஏன் அடிக்கடி உடம்புக்கு வருகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ஒன்றரை வயது மகனுக்கு மாதம் தவறாமல் சளி, நடுநடுவே வயிற்றுப்போக்கு. நீங்களோ நாள் முழுக்க சானிடைசர் போட்டுப் போட்டு விரல்கள் வெடித்துப் போயிருக்கின்றன. தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிற பிள்ளைக்கு, என் கையை மட்டும் கழுவி என்ன ஆகப்போகிறது? அதிகம் கழுவினால் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வளராது என்று வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா? இவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் பட்டது. 'என் கவனக்குறைவால்தான் பிள்ளைக்கு இப்படி வருகிறதா?' அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும் குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவும் வரும். சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டுமே 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகையைச் சமாளித்த உடம்பு அடுத்த வகையிடம் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். எந்தத் தாயும் எத்தனை முறை கழுவியும் அந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியாது.

குழந்தைகள் வார்டிலும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும், குழந்தையோடு தங்கும் பெற்றோருக்கும் கை கழுவச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. உங்கள் மகனை நான் பார்க்கவில்லை; அவனுக்கு எந்தக் கிருமியால் வருகிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பெற்றோரின் கை எந்த நோயைத் தடுக்கும், எதை ஓரளவு குறைக்கும், எதை ஒன்றும் செய்ய முடியாது என்பதைச் சொல்லலாம்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வயிற்றுப்போக்கு விஷயத்தில் பெரியவர்களின் கை முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்குச் சோப்பு கொடுத்து, வாராவாரம் ஆள் போய்க் கை கழுவுவதை வலியுறுத்தினார்கள். மற்ற வீடுகளில் அதைச் செய்யவில்லை. 2004இல் வெளியான அதன் முடிவில் என்னை அதிகம் பாதித்தது கைக்குழந்தைகள் பற்றிய பகுதி. சாதாரணச் சோப்பு கொடுத்த வீடுகளில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு கழித்த நாட்கள் 39 சதவீதம் குறைந்திருந்தன. அந்த வயதில் எந்தக் குழந்தையும் தானாகக் கை கழுவுவதில்லை. வீட்டிலிருந்த பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் கழுவினார்கள், பலன் கைக்குழந்தைகளுக்குக் கிடைத்தது. 'என் கையைக் கழுவி என்ன பயன்' என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அதே ஆய்வில் கிருமிநாசினி கலந்த சோப்பையும் சாதாரணச் சோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்தக் கூடாது. அங்கே நோய் மிக அதிகம், வாராவாரம் நினைவுபடுத்த ஆளும் இருந்தது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சோப்புப் போட்டுக் கழுவுவதை வலியுறுத்திய இடங்களில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் ஒரே திட்டத்தோடு நடந்த இரண்டு ஆய்வுகள் 2018இல் வெளிவந்தன. வங்காளதேசத்தில் கை கழுவிய குழுவில் வயிற்றுப்போக்கு குறைந்தது, கென்யாவில் குறையவில்லை. நேபாளத்தில் நடந்த ஓர் ஆய்வில், கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுவதாகச் சொன்ன தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகள் இறப்பது 44 சதவீதம் குறைவாக இருந்தது. மனதைத் தொடும் எண்தான். ஆனாலும் கை கழுவுகிற தாய் மற்ற விஷயங்களிலும் வசதியோ கவனமோ கூடுதலாக உள்ளவராக இருக்கலாம். அந்தப் பலன் முழுவதையும் கையின் கணக்கில் எழுத முடியாது.

வயிற்றுக் கிருமிகள் கை வழியாக ஏன் இவ்வளவு எளிதாகப் போகின்றன என்றால், அவற்றில் சிலவற்றுக்கு மிகக் குறைந்த அளவே போதும். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா 10 முதல் 100 கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோயாகலாம். வாந்தியும் பேதியும் வரவைக்கும் நோரோ வைரஸும் அப்படித்தான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற விரல் நுனியில் அவ்வளவு தாராளமாக இருக்கும். கைக்குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று நம்பி, அதைத் தொட்ட பிறகு வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொள்கிறவர்களை நான் அடிக்கடிப் பார்க்கிறேன். அதிகம் வயிற்றுப்போக்கு வரும் வயது அதுதான் என்பதால், நோய்க் கிருமி அந்த மலத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

டயப்பர் மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பக்கத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். குழந்தை புரள்கிறான். இரண்டு கணுக்காலையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைக்கிறீர்கள். துடைத்த கையாலேயே ஈரத்துடைப்பான் பாக்கெட்டைத் திறந்து அடுத்ததை உருவுகிறீர்கள். கிரீம் டியூபைப் பிதுக்குகிறீர்கள். நடுவில் செல்போன் அடிக்கிறது, யாரென்று பார்க்கிறீர்கள். அதற்குள் குழந்தை தன் கையைக் கீழே கொண்டுபோய்த் தொட்டுவிட்டு விரலைச் சூப்புகிறான். பிறகு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து கழுவுகிறீர்கள். கழுவி முடித்த கையால் அதே குழாயை மூடுகிறீர்கள். கை கழுவியாகிவிட்டது. ஆனால் பாக்கெட், டியூப், செல்போன், குழாய், குழந்தையின் கை, ஐந்தும் அப்படியே இருக்கின்றன. வார்டில் நாங்கள் சொல்லித்தருவது இதுதான்: டயப்பரைத் திறப்பதற்கு முன்பே நாலைந்து துடைப்பானை உருவி வெளியே வையுங்கள். தேவையான கிரீமை ஒரு துண்டுக் காகிதத்தில் எடுத்துவையுங்கள். செல்போன் கைக்கு எட்டக்கூடாது. முடிந்ததும் உங்கள் கையோடு குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழாயின் பிடிக்கும் கொஞ்சம் நுரையைத் தடவி அலசிவிடுங்கள். பத்து தடவை சானிடைசர் போடுவதைவிட இந்த ஒரு வரிசை அதிகம் காப்பாற்றும்.

எத்தனை முறை கழுவுகிறோம் என்பதைவிட எப்போது கழுவுகிறோம் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. மலம் சம்பந்தப்பட்ட எதற்கும் பிறகு, அது உங்களுடையதானாலும் குழந்தையுடையதானாலும். சமைப்பதற்கு முன். ஊட்டுவதற்கு முன், பால்புட்டி கலப்பதற்கு முன். உங்கள் மூக்கையோ குழந்தையின் மூக்கையோ துடைத்த பிறகு. பச்சை இறைச்சியையோ வளர்ப்பு விலங்கையோ தொட்ட பிறகு. வெளியே போய்விட்டு வந்ததும், குழந்தையைத் தூக்குவதற்கு முன். இவ்வளவுதான். சும்மா விளையாடிக்கொண்டிருக்கும்போது கால் மணிக்கொரு தடவை கையைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. இவற்றில் வீடுகளில் அதிகம் தவறிப்போவது ஊட்டுவதற்கு முன் கழுவுவது. கழிவறையிலிருந்து வந்ததும் கழுவும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஸ்பூனால் ஊட்டும்போது, கையே படுவதில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் சூடு பார்க்க விரலை வைக்கிறோம், கட்டியாக இருப்பதை மசிக்கிறோம், வாயோரத்தில் வழிவதை விரலால் வழித்து மறுபடி வாய்க்குள்ளேயே தள்ளுகிறோம்.

கழுவும் முறையில் நீங்கள் பார்க்க வேண்டியது சிலதுதான். சோப்பை நுரைத்து 20 நொடி தேய்க்க வேண்டும். புதிதாகச் சேரும் செவிலியர்களின் கையில், புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு திரவத்தைத் தடவி, வழக்கம்போலக் கழுவச் சொல்வோம். பிறகு விளக்கடியில் கையை நீட்டச் சொன்னால், உள்ளங்கை சுத்தமாக இருக்கும். விரல் நுனி, நக இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றிய பகுதி, மோதிரத்தின் அடி இவை பளிச்சென்று மின்னும். குழந்தையின் வாய்க்குள் போவது அந்த விரல் நுனிதான். ஆகவே ஒரு கையின் விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் வட்டமாகத் தேயுங்கள், கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். வெந்நீர் தேவையில்லை, எந்தத் தண்ணீரானாலும் ஓடும் தண்ணீராக இருந்தால் போதும். கையை உலர்த்துவது பலர் அலட்சியமாக விடும் விஷயம். ஈரக்கையிலிருந்து கிருமி உலர்ந்த கையைவிட அதிகமாக அடுத்த பொருளுக்குத் தாவும். நாள் கணக்கில் எல்லோரும் துடைத்த துண்டில் துடைத்தால் கழுவியது வீண். குழந்தையைக் கவனிப்பவருக்குத் தனியாக ஒரு சிறு துண்டு, அதைத் தினமும் மாற்றுவது நல்லது. கிருமிநாசினி சோப்புக்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருட்களில் எதையாவது சேர்த்து வீட்டு உபயோகச் சோப்புகளை விற்க 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடை விதித்தது. சாதாரணச் சோப்பைவிட அவை மேலானவை என்றும், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானவை என்றும் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

சானிடைசரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் அதிகம் நம்பியிருக்கிறீர்கள். கையில் அழுக்கில்லாதபோது, குழாய் பக்கத்தில் இல்லாதபோது, 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர் நன்றாகவே வேலை செய்யும். ஃப்ளூ, கொரோனா, கைக்குழந்தைகளுக்கு மூச்சிளைப்பு வரவைக்கும் ஆர்எஸ்வி போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது. கை, கால், வாயில் கொப்புளம் வரவைக்கும் என்டிரோ வைரஸ்களுக்கும் கிடையாது. அவற்றின் மீது ஆல்கஹால் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பு அவற்றைக் கொல்லாவிட்டாலும் தோலிலிருந்து பெயர்த்துவிடும், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே டயப்பருக்குப் பிறகும், வாந்தியைத் துடைத்த பிறகும் சானிடைசர் போதாது. வெடித்த தோல் இன்னொரு சிக்கல். விரிசல்களில் கிருமி தங்கும். எரிச்சலுக்குப் பயந்து முக்கியமான நேரத்தில் கழுவவும் தோன்றாது. தேவையில்லாத தடவைகளைக் குறையுங்கள், கழுவித் துடைத்த கையில் ஈரம் இருக்கும்போதே வாசனையில்லாத வேசலின் மாதிரி ஏதாவது ஒன்றைத் தடவுங்கள், இரவில் தாராளமாகப் பூசுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சானிடைசர் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அவன் எடையுள்ள பிள்ளைக்குச் சில மடக்கே ஆபத்து, கண்ணில் தெறித்தால் கருவிழியே புண்ணாகும்.

சளி இருமலுக்கு வந்தால் கதை மாறுகிறது. கை கழுவுவது இங்கேயும் உதவும், ஆனால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். காரணம், இவற்றில் பல காற்று வழியாகவும் வருகின்றன. கை எங்கே முக்கியம் என்று புரிய, அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் கரோலின் ஹால் என்ற குழந்தை மருத்துவர் செய்து 1981இல் வெளியிட்ட சோதனையை எப்போதும் சொல்வேன். ஆர்எஸ்வி வைரஸ் பிடித்த குழந்தைகள் இருந்த அறைகளில், தாமாக முன்வந்த பெரியவர்களை மூன்று விதமாகப் பழகவிட்டார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிப் பராமரித்த 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. குழந்தை இல்லாத நேரத்தில் அதன் சளி பட்ட பொருட்களைத் தொட்டுவிட்டுத் தங்கள் மூக்கையும் கண்ணையும் தொட்ட 10 பேரில் 4 பேருக்குத் தொற்றியது. ஆறடிக்கு அப்பால் சும்மா உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆட்கள் குறைவுதான், ஆனால் ஆர்எஸ்வி பெரும்பாலும் கையிலும் நெருக்கத்திலும் பயணிக்கிறது என்பதைக் காட்ட அது போதுமானதாக இருந்தது. எங்கள் வார்டில் மழைக்காலம், குளிர்காலம் வந்தால் இதை நினைத்துத்தான் தொட்டில் கம்பிகளைத் துடைக்கிறோம். மூக்கு ஒழுகும் பெரியவர் கையைக் கழுவாமல் கைக்குழந்தையின் முகத்தைத் தொடக்கூடாது, முத்தம் கொடுக்கக்கூடாது. நெருங்கிய சொந்தமானாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். தட்டம்மையை மட்டும் கையால் தடுக்கவே முடியாது. நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கும். அதற்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸும் சுத்தமான வீடு, அசுத்தமான வீடு என்று பாராமல் எல்லாக் குழந்தைகளையும் பிடிப்பதால், அதற்கும் தடுப்பூசியைத்தான் நம்ப வேண்டும். அவனுடைய அட்டையில் எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

எதிர்ப்புச் சக்தி பற்றி வீட்டில் சொல்வது முழுக்கக் கற்பனை கிடையாது. 1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சியாளர், மூத்த பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்களில் கடைக்குட்டிகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவாக இருப்பதைக் கவனித்து எழுதினார். சிறு வயதுத் தொற்றுகள் காக்கின்றனவோ என்ற கேள்வி அங்கிருந்துதான் பரவியது. அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகள், மண், செடி, விலங்கு, தாயின் உடம்பு இவற்றிலுள்ள தீங்கில்லாத நுண்ணுயிர்களோடு பழகுவதுதான் உடம்புக்குப் பாடம் என்ற பக்கம் சாய்கின்றன. எந்த அளவு, எந்த வயதில் என்பதெல்லாம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மலத்தில் வரும் கிருமியால் நாலு தடவை வயிற்றுப்போக்கு வந்தால் பிள்ளை பலசாலியாவான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. திரும்பத் திரும்ப வந்தால் எடைதான் குறையும். ஆகவே அவன் தரையில் தவழட்டும், புல்லில் உருளட்டும், பொம்மையைக் கடிக்கட்டும். அதற்காக நீங்கள் தரையைக் கிருமிநாசினியால் நாளுக்கு மூன்று முறை துடைக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி இருக்கும் நாட்களில் மட்டும் அந்த இடத்தையும் கழிவறையையும் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். தரையில் கிடந்த பொம்மையைவிட, மலம் துடைத்து, கழுவாமல் சோறு பிசைந்த விரல் பல மடங்கு ஆபத்தானது.

இவ்வளவு செய்தும் வயிற்றுப்போக்கு வரும். வரும்போது ஓஆர்எஸ் கரைசலை ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்தை 10 முதல் 14 நாள் கொடுக்கும்படி மருத்துவர் சொன்னால், பேதி நின்றவுடன் பாதியில் விடாதீர்கள். மலத்தில் ரத்தம், 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாதது, கண் குழிவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, மூச்சு விடும்போது விலா உள்வாங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே போக வேண்டும். அவனுக்கு எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ, ஆண்டுக்கு இரண்டு முறை நிமோனியா வந்தாலோ, அது கை கழுவுவதில் தீரும் விஷயம் அல்ல. மருத்துவர் வேறு காரணம் தேட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று: இப்போது மூன்று மாதக் கர்ப்பம். இந்தப் பதிலில் உங்கள் கை மிக அதிகம் முக்கியமாகும் இடம் இதுதான், யாரும் பெரும்பாலும் சொல்லாததும் இதுதான். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது வந்துபோவது வெளியே தெரியவே தெரியாது. ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் எச்சிலிலும் சிறுநீரிலும் வந்துகொண்டிருக்கும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போகலாம். பிறக்கும் 200 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இந்தத் தொற்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் காது கேளாமை போன்ற நிரந்தரப் பாதிப்பு வருகிறது. இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. 2015இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், அதுவரை இந்தத் தொற்று வராத கர்ப்பிணிகளுக்குச் சுகாதார முறைகளை விளக்கிச் சொன்ன குழுவில் 1.2 சதவீதம் பேருக்கும், சொல்லாத குழுவில் 7.6 சதவீதம் பேருக்கும் தொற்றியது. செய்ய வேண்டியவை எளிமையானவை. மகனின் டயப்பரை மாற்றிய பிறகும், எச்சில், மூக்குச் சளி துடைத்த பிறகும், அவன் வாயில் வைத்த பொம்மையை எடுத்த பிறகும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவன் மிச்சம் வைத்ததைச் சாப்பிடாதீர்கள், ஒரே ஸ்பூனைப் பகிராதீர்கள், கீழே விழுந்த அவனுடைய ரப்பர் சூப்பியை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்காதீர்கள். உதட்டில் கொடுக்கும் முத்தத்தை நெற்றியில் கொடுங்கள். தூக்கவோ, மடியில் போட்டுத் தூங்கவைக்கவோ எந்தத் தடையும் இல்லை. அடுத்த முறை உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது இந்த வைரஸின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.